விலாசங்கள்

சிறுபத்திரிகைகளைப் பற்றி ஆய்வு செய்கிற இளைஞர் ஒருவர் சென்ற மாதம் வீட்டுக்கு வந்திருந்தார். நாங்கள் 1979 முதல் 1988 வரை நடத்திய பத்திரிகையின் இதழ்களில் பெரும்பாலானவற்றை எங்கெங்கோ தேடிச் சேர்த்திருக்கிறார். என்னிடம் இல்லாத மூன்று இதழ்கள்கூட அவர் பையில் இருந்தன. படைப்புகளைப் பற்றித்தான் கேட்பார் என்று நானும் தயாராக இருந்தேன். அவர் கேட்டது வேறு. "உங்க வாசகர்கள் எந்தெந்த ஊர்ல இருந்தாங்க சார்?" தேசப்படத்தில் புள்ளி வைக்கப்போகிறாராம்.

அந்தக் காலத்தில் யாராவது இப்படிக் கேட்டிருந்தால் நாங்கள் சிரித்திருப்போம். வாசகன் என்பது எங்களுக்கு எப்போதும் ஒருமை. அவனுக்கு ஊர் கிடையாது, ஜாதி கிடையாது, சம்பளம் கிடையாது; பிரக்ஞை மட்டும் உண்டு. 'கவிதைக்கு விலாசம் இல்லை' என்று ஆரம்பிக்கும் கட்டுரை ஒன்றை நானே எழுதியிருக்கிறேன், நான்காம் இதழில், முதல் பக்கத்தில். அதே இதழுக்கு ராப்பர் சுற்றி, 200க்கு மேற்பட்ட விலாசங்களைக் கையால் எழுதியதும் நான்தான். ஒரே வாரத்தில் ஒரே கை செய்த இந்த இரண்டு காரியங்களுக்கும் நடுவே ஏதோ முரண் இருப்பதாக எனக்குத் தோன்றவே இல்லை.

300 பிரதிகள் அச்சடிப்போம். பாளையங்கோட்டையில் அண்ணாச்சியின் வீட்டுத் திண்ணையில் (ஆசிரியரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம்) மைதாப் பசையும் பழுப்புக் காகிதமுமாக ஒரு ஞாயிறு முழுக்க உட்காருவோம். புக் போஸ்ட் என்பதால் இரண்டு முனையும் திறந்திருக்க வேண்டும். இரவு சைக்கிளில் வைத்து ஜங்ஷன் ஆர்.எம்.எஸ்.ஸுக்கு எடுத்துப்போவது என் பொறுப்பு. பத்திரிகையைப் பதிவு செய்யாமல் 'தனிச்சுற்றுக்கு மட்டும்' என்று போட்டுக்கொண்டிருந்ததால் பத்திரிகைகளுக்கான தபால் சலுகை கிடையாது. எனவே எடைதான் எங்கள் மறைமுக ஆசிரியர். ஒரு நீள்கவிதையை முழுதாகப் போட்டால் அடுத்த தபால்தலைக்குத் தாவும் என்று தெரிந்து அதை இரண்டு இதழ்களாக வெட்டினோம். அந்த வெட்டில் இருந்த 'மௌனத்தை' ஒரு விமர்சகர் பாராட்டி எழுதினார். நாங்கள் மறுக்கவில்லை.

விலாசங்கள் ஒரு நீளமான கணக்குப் பேரேட்டில் இருந்தன. இப்போதும் அது என்னிடம்தான் இருக்கிறது. இளைஞர் போன பிறகு அதை எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

பெரிய ஊர்கள் குறைவு. கோவில்பட்டி, தக்கலை, அருப்புக்கோட்டை, நாமக்கல், திருத்துறைப்பூண்டி. பாதிப் பேர் வங்கிக்காரர்கள், பள்ளி ஆசிரியர்கள், தபால் இலாகாவினர். மாற்றலாகிப் போகிற உத்தியோகங்கள். எனவே ஒரு பெயருக்கு எதிரே மூன்று விலாசம், நான்கு விலாசம், அடித்து அடித்து எழுதியிருக்கிறது. சந்தா மணியார்டரில் வரும். அதன் அடியில் கிழித்துக்கொள்ளும் கூப்பனில் நாலு வரி எழுத இடம் இருக்குமல்லவா? எங்களுக்கு வந்த மிகக் கறாரான விமர்சனங்கள் அந்த நாலு வரிகளில்தான் வந்தன. 'கட்டுரையாளருக்குத் தமிழில் யோசிக்க வராதா?' என்று கேட்டவர் ஒரு ரேஷன் கடை விலாசம், கேர் ஆஃப். அந்தக் கட்டுரையாளன் நான். ஒரு பெண்மணி, இதழை வீட்டுக்கு அனுப்பாமல் தன் பள்ளிக்கூட முகவரிக்கு அனுப்பும்படி எழுதியிருந்தார். காரணம் எழுதவில்லை.

தமிழில் புதுக்கவிதை தபாலில் வளர்ந்தது என்றே சொல்லலாம். 1959இல் சி. சு. செல்லப்பா 'எழுத்து' ஆரம்பித்தபோது அவர் திருவல்லிக்கேணியில் இருந்தார். நகுலன் திருவனந்தபுரத்தில், சுந்தர ராமசாமி நாகர்கோவிலில், வெங்கட் சாமிநாதன் வடக்கே உத்தியோகத்தில். தருமு சிவராமு, அதாவது பின்னாளில் பிரமிள், இருபதைத் தாண்டாத வயதில் திருகோணமலையிலிருந்து எழுதிக்கொண்டிருந்தார். 1968இல் 'நடை' வந்தது சேலத்திலிருந்து. இவர்களெல்லாம் ஒரே தெருவில் இருந்திருந்தால் தினம் சாயங்காலம் பேசித் தீர்த்திருப்பார்கள். எழுதியிருக்கமாட்டார்கள் என்று எனக்கு ஒரு எண்ணம். நிரூபிக்க முடியாது.

பேரேட்டில் 'இலங்கை' என்று தலைப்பிட்ட பகுதி தனியாக இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். வட்டுக்கோட்டை, அச்சுவேலி, சாவகச்சேரி, மட்டக்களப்பு, கொழும்பு வெள்ளவத்தை. அங்கிருந்து பணம் அனுப்புவது சிரமம் என்பதால் 1966இலிருந்து வந்துகொண்டிருந்த 'மல்லிகை', 1975இல் தொடங்கிய 'அலை' மாதிரிப் பத்திரிகைகளைச் சந்தாவுக்குப் பதிலாக வாங்கி அனுப்புவார்கள். அது எங்களுக்கு லாபம். 1981இல் யாழ்ப்பாண நூலகத்தை எரித்தார்கள். ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அடுத்த இதழ் கிடைத்ததும் அச்சுவேலி வாசகர், இனி இரண்டு பிரதிகள் அனுப்புங்கள், ஒன்றைத் திரும்பக் கட்டப்போகிற நூலகத்துக்காக எடுத்துவைக்கிறேன் என்று எழுதினார். அனுப்பினோம்.

1983 ஜூலைக்குப் பிறகு இதழ்கள் திரும்பி வர ஆரம்பித்தன. ராப்பரில் என் கையெழுத்து. குறுக்கே வேறொரு கையெழுத்தில், ஆள் இல்லை. சில ஆறு மாதம் கழித்து வந்தன. சில வரவே இல்லை. சேர்ந்தது என்று வைத்துக்கொண்டேன். திரும்பி வந்த ஒவ்வொன்றுக்கும் பேரேட்டில் ஒரு கோடு. வங்கியில் கற்ற பழக்கம், ஸ்கேல் வைத்துத்தான் அடிப்பேன்.

ஒன்றரை வருஷம் கழித்து அந்தக் கோடுகளின் கீழிருந்து ஆட்கள் எழுந்து வர ஆரம்பித்தார்கள். மதுரைக்குப் பக்கத்து அகதி முகாமிலிருந்து ஒரு கார்டு. பிறகு பம்பாயிலிருந்து, பாரிஸிலிருந்து, சூரிச்சிலிருந்து. நார்வேயின் வடகோடியில் ஃபின்மார்க் பகுதியிலிருந்து ஒருவர், மீன் தொழிற்சாலை வேலை; இரண்டு மாதமாகச் சூரியனைப் பார்க்கவில்லை என்று ஒரு வரி, அடுத்த வரியில் எங்கள் மொழிபெயர்ப்பில் ஒரு தப்பு. ஒருவருக்கு மூன்று வருஷத்தில் ஐந்து விலாசங்கள்: வளசரவாக்கம், பம்பாய், பெர்லின், பாரிஸ், டொராண்டோ. தேசப்படக்காரர் இவருக்கு எங்கே புள்ளி வைப்பார்?

இவர்களில் வட்டுக்கோட்டை வாசகரைப் பற்றி நான் எழுதியாக வேண்டும். 1985 தொடக்கத்தில் மேற்கு பெர்லினிலிருந்து அவர் கடிதம் வந்தது. கிழக்கு ஜெர்மனியின் விமான நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து நகர ரயிலில் மேற்கே போய்விடுவது அன்றைக்கு ஒரு வழி. நகரம் இரண்டாகப் பிரிந்ததையே மேற்கு ஜெர்மனி சட்டப்படி ஒப்புக்கொள்ளாததால், அந்தப் பக்கம் எல்லைச் சோதனை என்று பெரிதாக இருக்கவில்லை. அப்படிப் போனவர். தங்கியிருந்தது அகதிகள் விடுதி. 'அன்பின் ஆசிரியருக்கு' என்று தொடங்கி, 17ஆம் இதழிலிருந்து கிடைக்கவில்லை, சந்தா முடிய இன்னும் இரண்டு இதழ் உண்டு என்று எழுதியிருந்தார். கடைசியில்: 'மேற்கண்ட விலாசம் நிரந்தரமல்ல. ஆனால் இதழ் வரும்வரை இங்கேதான் இருப்பேன்.' கூடவே ஒரு பதில் கூப்பன். எந்த நாட்டுத் தபாலாபீசிலும் கொடுத்துத் தபால்தலையாக மாற்றிக்கொள்கிற சீட்டு அது. 1906இல் ரோமில் கூடிய சர்வதேச அஞ்சல் மாநாட்டில் பிறந்தது. எங்கள் தபாலாபீஸ் கவுண்டரில் இருந்தவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு உள்ளே போய் விதிப்புத்தகத்தோடு வந்தார்.

கூப்பனுக்குக் கிடைத்தது ஒரு கடிதம் போடும் அளவுக்குத் தபால்தலை. இரண்டு இதழ்களை விமானத் தபாலில் அனுப்ப ஒரு வருஷச் சந்தாவுக்கு மேல் ஆகும். நான் அண்ணாச்சியிடம் கணக்குச் சொன்னேன். "ஒருத்தன் கூப்பனும் வச்சி எழுதியிருக்கான். நீரு பைசாக் கணக்குப் பாக்கீரே" என்றார். ஒருவருக்குச் செய்தால் எல்லோருக்கும் செய்ய வேண்டியிருக்கும் என்றேன். அது நியாயமான வாதம். எந்த ஆபீசிலும் செல்லும். அண்ணாச்சி விட்டுக்கொடுத்தார். கப்பல் தபாலில் போட்டேன். மூன்று மாதம் ஆகும் என்றார்கள். பதில் இல்லை, இதழும் திரும்பவில்லை.

அடுத்த வருஷம், 1986 ஆகஸ்டில், கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்களை மீனவர்கள் மீட்டார்கள். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டதற்கு, இந்தியாவிலிருந்து என்றார்கள். சில நாளில் மேற்கு ஜெர்மனியிலிருந்து கப்பலேறியவர்கள் என்று தெரிந்துவிட்டது. பொய் சொன்னார்கள் என்று அங்கே சிலர் கோபப்பட்டதைப் பத்திரிகையில் படித்தேன். அந்த 155 பேரில் எங்கள் வாசகர் இருந்தாரா என்று யோசித்ததுண்டு. கேட்க எனக்கு யாரும் இல்லை.

1988இல் பத்திரிகை நின்றது. கடன். பேரேடு என் வீட்டுப் பரணில் இருந்தது.

1991 மே 21க்குப் பிறகு தமிழ்நாட்டில் இலங்கைக் கடிதம் ஒன்று வீட்டில் இருப்பதே பயமாக இருந்த மாதங்களை இன்றைய வாசகர்களுக்கு எப்படிச் சொல்வது? யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் மைத்துனன்தான் வந்தான். "அத்தான், அந்த அட்ரஸ் புஸ்தகம் எதுக்கு உங்ககிட்ட? பேங்க் உத்தியோகம், ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க" என்றான். அன்று இரவே பரணிலிருந்து இறக்கினேன். முழுப் பேரேட்டையும் எரித்துவிடத்தான் எண்ணம். கோவில்பட்டியையும் தக்கலையையும் எரிக்க மனம் வரவில்லை. எது ஆபத்தில்லாததோ அதன் மேல் பாசம் வந்தது. இலங்கைப் பகுதியும் அயல்நாட்டுப் பகுதியுமாகப் பதினொரு தாள்களை ஸ்கேல் வைத்துக் கிழித்து வெந்நீர் அடுப்பில் போட்டேன்.

பிறகு எங்கேயோ படித்தேன். 1665இல் லண்டனில் விஞ்ஞானத்துக்கென்று பத்திரிகை ஆரம்பித்த ஹென்றி ஓல்டன்பர்க், ஐரோப்பா முழுக்க இருந்தவர்களோடு கடிதம் எழுதிக்கொண்டிருந்தவர். டச்சுக்காரர்களோடு யுத்தம் நடந்த சமயத்தில், 1667இல், சந்தேகத்தின் பேரில் அவரைக் கோபுரச் சிறையில் இரண்டு மாதம் வைத்திருந்தார்கள். வெளியே வந்து மறுபடி கடிதம் எழுத ஆரம்பித்தார். இதைப் படித்தபோது எனக்கு ஆறுதல் ஒன்றும் ஏற்படவில்லை. அவரைச் சந்தேகப்பட ஒரு அரசாங்கமாவது வேண்டியிருந்தது.

1994இல் அண்ணாச்சிக்கு மறுபடி ஆசை வந்தது. ஒரே ஒரு இதழ், பழைய சந்தாதாரர் எல்லோருக்கும் இலவசமாக. பேரேட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கரையான் கொஞ்சம் அரித்துவிட்டது என்றேன். மெதுவாகப் புரட்டினார். அட்டை அப்படியே இருந்தது. முன்னும் பின்னும் தாள்கள் அப்படியே இருந்தன. நடுவே ஸ்கேல் வைத்துக் கிழித்த ஓரம். "கரையானுக்கு அந்தப் பக்கந்தான் ருசி போல" என்றார். அவ்வளவுதான். அந்த இதழ் தமிழ்நாட்டுக்குள் மட்டும் போயிற்று. 2009இல் அவர் இறக்கும்வரை அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. எடுத்திருக்கலாம்.

இளைஞருக்காக அந்தப் பதினொரு தாள்களை ஞாபகத்திலிருந்து எழுத முயன்றேன். யோசித்தால் வருவதில்லை. பேனாவை எடுத்து ராப்பரில் எழுதுவதுபோல் வேகமாக எழுதினால் கை தானாகக் கொஞ்ச தூரம் போகிறது. அச்சுவேலிக்காரரின் தெருப்பெயர் வந்தது. ஃபின்மார்க்கில் ஊர்ப்பெயரின் முதல் மூன்று எழுத்துகள். வெள்ளவத்தையில் ஒழுங்கை என்பது வரை வந்து, எண் வரவில்லை. 40க்கு மேல் இருந்த பெயர்களில் 14 கிடைத்தன.

ஒன்று மட்டும் முழுதாக இருக்கிறது. பேரேட்டின் பின்னட்டை உட்புறத்தில், அவசரத்தில், பென்சிலில். அந்த பெர்லின் விடுதியின் விலாசம். நிரந்தரமல்ல என்று அவரே எழுதியதால் உள்ளே ஏற்றாமல் அட்டையில் குறித்துவைத்திருக்கிறேன். 1991இல் அது கண்ணில் படவில்லை. '1000 பெர்லின் 65, மேற்கு ஜெர்மனி.' அந்த நாடு 1990இல் இல்லாமல் போயிற்று. அந்த நாலு இலக்கக் குறியீட்டு முறையை 1993இல் மாற்றி ஐந்து இலக்கமாக்கிவிட்டார்கள். மூத்த மகளிடம் கேட்டுப் புதிய எண்ணைக் கண்டுபிடித்தேன். தெருவும் கதவு எண்ணும் பழையவைதான். எங்களிடம் மிஞ்சியிருந்த 17, 18ஆம் இதழ்களை வைத்து, அவர் பெயரை எழுதி, விமானத் தபாலில் அனுப்பினேன். முதுகில் என் விலாசம்.

அனுப்பி ஐந்து வாரம் ஆகிறது. திரும்பி வரவில்லை.