சின்னக் கருவியின் திறப்பு

"வட்ஸ்அப்பில நாங்க அனுப்புறத வேற ஆக்கள் வாசிக்க ஏலுமா சேர்?"

தரம் 10 பிள்ளைகள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. அவர்கள் பூட்டைப் பற்றிக் கேட்கிறார்கள். நாங்கள் திறப்பைப் பற்றிச் சொல்லத் தொடங்குவோம். பூட்டும் முறை உலகறிந்தது. அதன் கணக்கு பகிரங்கமாகவே இருக்கிறது. இரகசியமெல்லாம் திறப்பில்தான். அந்தத் திறப்பு ஒரு நீண்ட எண். அதை எங்கள் போனே செய்துகொள்கிறது.

சின்னக் கருவிகளுக்கு இதில் இரண்டு வறுமைகள் உண்டு.

ஒன்று, கணக்குப் பலமும் பற்றரியும். இதற்கு வழி கிடைத்துவிட்டது. 1985இல் நீல் கொப்லிட்ஸ், விக்டர் மில்லர் என்ற இரு கணித அறிஞர்கள் தனித்தனியாக நீள்வளைய வளையி முறையை முன்வைத்தார்கள். இதில் 256 பிட் திறப்பு ஒன்று, பழைய ஆர்எஸ்ஏ முறையின் 3072 பிட் திறப்புக்கு நிகரான பாதுகாப்பைத் தரும். மலிவான போனுக்கும் அது பாரமில்லை.

மற்றது, எழுமாற்று. நிகழ்தகவுப் பாடத்தில் நாணயம் சுண்டிக் காட்டுகிறோமே, அதேதான். கணினி சொன்னதைச் செய்யும் இயந்திரம். நாணயம் சுண்ட அதற்குத் தெரியாது. நாம் தட்டும் எழுத்துகளின் நேர இடைவெளி, உணரிகளின் இரைச்சல் என்று வெளியிலிருந்துதான் அது எழுமாற்றைப் பொறுக்க வேண்டும். விசைப்பலகையும் திரையும் இல்லாத ரவுட்டர் ஒன்றை மின்சாரத்தில் சொருகிய உடனே திறப்புச் செய்யச் சொன்னால், பாவம், அது எங்கே போகும்?

இது வெறும் கற்பனைப் பயமல்ல. 2012இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இணையம் முழுவதையும் அலசி, பல்லாயிரக்கணக்கான கருவிகளின் இரகசியத் திறப்புகளைக் கணித்தெடுத்தார்கள். பெரும்பாலானவை ரவுட்டர் போன்ற சிறு கருவிகள். அவர்கள் பயன்படுத்திய கணக்கு, நாம் கீழ் வகுப்பில் படிப்பிக்கும் பொ.கா.பெ.தான்! 143, 187 ஆகிய இரண்டையும் எடுங்கள். பொ.கா.பெ. 11. உடனே 11 × 13, 11 × 17 என்று இரண்டும் உடைந்துவிடும். எழுமாற்று இல்லாத இரு கருவிகள் ஒரே முதன்மை எண்ணைத் தெரிந்தெடுத்ததால் வந்த வினை இது. பெரிய எண்ணாக இருந்தும் பயனில்லாமல் போனது.

இந்த வறுமைக்கு ஆய்வாளர்கள் தேடிய வழிகளில் ஒன்று எங்களுக்கு மிகவும் பிடித்தது. இரண்டு கருவிகள் வானலையில் பேசும்போது, அலை சுவரிலும் மரத்திலும் பட்டுத் தெறித்து வருகிறது. இடையிலுள்ள பாதை ஒன்றே என்பதால், இருவரும் அளக்கும் ஏற்ற இறக்கமும் ஏறத்தாழ ஒன்றே. அதை 0, 1 ஆக மாற்றி, பிசகுகளைச் சரிசெய்து, சுருக்கினால் இருவரிடமும் ஒரே திறப்பு. திறப்பு வானில் பயணிக்கவே இல்லை. 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபையில் அரை அலைநீளம் 6 சென்ரிமீற்றர் அளவுதான். அலை பலவாறு தெறிக்கும் இடத்தில், அதைவிடத் தள்ளி நின்று ஒட்டுக்கேட்பவனுக்குக் கிடைப்பது வேறு ஏற்ற இறக்கம். கருவி நகர நகரத் திறப்பு ஊறும். அசையாமல் கிடந்தால் வற்றிவிடும். இல்லாத கருவிக்கு அதன் நடமாட்டமே சொத்து.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறோம்? மலிவான கருவியைத்தான் எங்கள் வீடுகள் வாங்குகின்றன. விலை குறைந்தது என்பதற்காக அதன் திறப்பும் குறைந்ததாக இருக்கக் கூடாது. இயலும் என்று கணிதம் காட்டிவிட்டது. மிச்சம் செய்பவனின் அக்கறை.

எங்கள் பங்கும் உண்டு. நான்கு இலக்கப் பின் இலக்கத்துக்கு 10,000 வாய்ப்புகள். வாப்பாவின் பிறந்த வருடத்தைப் போட்டால் அது நூறுக்குள் சுருங்கிவிடும். எழுமாற்று இல்லாத ரவுட்டர் செய்ததை, எல்லாம் இருந்தும் நாம் ஏன் செய்ய வேண்டும்?

பிள்ளைகளிடம் ஒரு தாயக்கட்டையைக் கொடுத்து, உருட்டி ஒரு பின் இலக்கம் எடுக்கச் சொல்லுங்கள். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் சொல்லுங்கள். எங்களிடமும்தான்.