சாமளாபுரம் கற்பிக்கும் அரசியல்

கருமத்தம்பட்டி செபமாலை அன்னையின் திருத்தலத்திற்கு வருகின்ற நம் வாசகர்கள், சோமனூர் வழியாகச் சாமளாபுரம் வரை சென்று வருவது நன்று. நொய்யல் நீர் தேக்கும் குளம் ஒன்று அங்கே உண்டு. விசைத்தறிகளின் ஓசையோ தெருவெங்கும் உண்டு. ஆயினும் நாம் அங்கே காணச் சொல்வது காட்சியை அன்று; ஒரு பாடத்தை.

இப்பகுதித் தறிகளுள் மிகப்பல கூலித்தறிகள். நூல் ஜவுளி உற்பத்தியாளருடையது; தறியும் உழைப்பும் நெசவாளருடையவை. அறிவிக்கப்பட்ட கூலி உயர்வு கைக்கு வரவில்லை என்று, கோவை, திருப்பூர் மாவட்டத் தறியாளர்கள் 2022 சனவரியில் தறிகளை நிறுத்தினர். ஒப்பந்தத்தை மதிக்கச் செய்யும் ஆற்றல் யாருக்கு உண்டு? இது சமூக அறிவியலின் வினா.

இன்னொன்றும் உண்டு. நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. மூடப்பட்ட கடைகள் வேறிடம் தேடி ஊர்களுக்குள் நுழைந்தன. 2017 ஏப்ரல் 11 அன்று சாமளாபுரத்துப் பெண்கள் அதனை எதிர்த்துச் சாலையில் அமர்ந்தனர். காவல்துறை தடியடி நடத்தியது. அதிகாரி ஒருவர் ஒரு பெண்ணைக் கன்னத்தில் அறைந்ததை நாடே தொலைக்காட்சியில் கண்டது. உயிர்களைக் காக்க எழுந்த ஆணை, ஓர் ஏழைப் பெண்ணின் கன்னத்தில் அடியாக முடிந்தது எங்ஙனம்? இவ்வினாவிற்கு விடை தேடுவதே அரசியல் அறிவியல்.

இப்பகுதித் தறிக் குடும்பம் ஒன்றின் மகள், தில்லிப் பல்கலைக்கழகத்தில் இதையே பயில விரும்புகிறாள். “அதைப் படிச்சா என்ன வேலை கெடைக்கும், சாமி?” என்று நம்மை வினவினார் தாயார். நியாயமான அச்சமே! படித்தவுடன் வேலை உறுதி என்று நாம் கூறவில்லை. ஆசிரியப் பணி, வழக்கறிஞர் தொழில், ஆட்சிப் பணித் தேர்வு, ஆய்வு எனப் பல வழிகள் உண்டு. அனைத்திற்கும் பொறுமை வேண்டும் என்றோம்.

அங்கே இடம் கிடைப்பதும் எளிதன்று. 2021இல் சில கல்லூரிகள் அரசியல் அறிவியலுக்கு 100 விழுக்காடு மதிப்பெண் கேட்டன. 2022 முதல் பொது நுழைவுத் தேர்வு நடைபெறுகிறது. அதனைத் தமிழிலும் எழுதலாம். ஆனால் சேர்ந்தபின் பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நிகழும். எனவே இன்றே ஆங்கில நாளிதழ் ஒன்றைப் படிக்கத் தொடங்குமாறும், விடுதிச் செலவையும் உதவித்தொகையையும் முன்னரே விசாரிக்குமாறும் அறிவுரை கூறினோம்.

வேலூரில் பிறந்த மால்கம் ஆதிசேசையா இலண்டனிலும் கேம்பிரிட்ஜிலும் பொருளியல் பயின்றவர். யுனெஸ்கோவில் உயர்பதவி வகித்தவர். அவரே 1971இல் தமிழகம் திரும்பி, நம் மாநிலத்தின் வறுமையையும் தொழிலையும் ஆராயச் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். தொலைவில் கற்ற கல்வி ஊருக்குப் பயன்படாது என்பார்க்கு இதைவிட விடை வேண்டுமோ?

தாயார் இன்னும் முழு இசைவு தரவில்லை. எனினும் மகள் விண்ணப்பிக்கட்டும் என்றார். உங்கள் இல்லத்திலும் இத்தகைய பிள்ளை இருப்பின், அன்பர்களே, வேலையைப் பற்றிக் கேளுங்கள். ஆனால் அதன் வினாக்களை அடக்கிவிடாதீர்கள்.