கூண்டுக்குள் இடும் இரை

சென்ற கோடை விடுமுறையின்போது ஒருநாள் மாலை, செபமாலை முடிந்து மக்கள் கலைந்த வேளையில், மூதாட்டி ஒருவர் தம் பேரனைக் கைப்பிடித்து நம்மிடம் அழைத்து வந்தார். காரைக்கால் 1954ஆம் ஆண்டு வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர். ஆகவே இங்குள்ள பல குடும்பங்களுக்குப் பிரான்சு நாட்டில் உற்றார் உறவினர் உண்டு. இச்சிறுவனும் பாரிசு மாநகருக்கு அருகே பிறந்து வளர்பவன்.

"சாமி, இவன் அங்கே வீட்டில் பச்சோந்தி வளர்க்கிறானாம். உயிருள்ள பூச்சிகளை அதற்குப் போடுகிறானாம். பாவமில்லையா? கொன்றாவது போடு என்றால் கேட்க மறுக்கிறான். நீங்களே புத்தி சொல்லுங்கள்" என்றார் மூதாட்டி.

"செத்த பூச்சியை அது தின்னாது, சாமி" என்றான் சிறுவன், தரையைப் பார்த்தபடியே.

நமக்குச் சுருக்கென்றது. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக எவரிடமும் சொல்லாத ஒன்று நினைவில் எழுந்தது.

அப்போது நமக்குப் பத்து வயது. தென்னை ஈர்க்கில் சுருக்கிட்டு ஓணான் பிடிப்பதும், அதற்கு மூக்குப்பொடி போட்டு அது தலைசுற்றி ஆடுவதைக் கண்டு கைகொட்டிச் சிரிப்பதும் எங்கள் தெருப் பிள்ளைகளின் விளையாட்டு. அக்கூட்டத்தில் நாமும் இருந்தோம். ஒருநாள் அன்னையார் அதைக் கண்டு கடிந்துகொண்டார். அன்றே மனம் வருந்தினோம். சில நாள் கழித்து வாய்க்கால் ஓரத்து வேலியில் ஒரு பச்சோந்தியைக் கண்டபோது, 'இதையேனும் அன்பாக வளர்ப்போம்' என்று எடுத்து வந்து மரப்பெட்டியில் வைத்தோம்.

வயல் வரப்பில் வெட்டுக்கிளிகளைப் பிடித்தோம். அவை துடிப்பதைக் காண மனம் பொறுக்கவில்லை. ஆகவே ஒவ்வொன்றையும் நசுக்கிக் கொன்று, பூவரச இலையில் வரிசையாக வைத்தோம். கொட்டாங்கச்சியில் நீரும் வைத்தோம். பச்சோந்தி எதையும் தொடவில்லை. நாளுக்கு நாள் அதன் கண்கள் குழி விழுந்தன; மேனி கறுத்தது. 'என்ன திமிர் இதற்கு!' என்று கோபம்கூட வந்தது. இரண்டாம் வாரம் அது இறந்தது. முருங்கை மரத்தடியில் புதைத்தோம்.

பல ஆண்டுகள் சென்றபின் நூல்களைப் படித்தபோதுதான் நம் அறியாமை புலப்பட்டது. பச்சோந்தியின் இரு கண்களும் தனித்தனியே சுழன்று நாற்புறமும் நோட்டமிடுகின்றன. எங்கேனும் ஏதேனும் அசைந்தால், இரண்டும் அவ்விடத்தில் ஒன்றுசேர்ந்து தொலைவை அளக்கின்றன. அடுத்த கணம், உடலைவிட நீண்ட நாக்கு பாய்ந்து இரையைப் பற்றுகிறது. அந்நாக்கின் நுனியிலுள்ள பசை மனித உமிழ்நீரைக் காட்டிலும் ஏறத்தாழ நானூறு மடங்கு பிசுபிசுப்பானது என்று 2016இல் ஆய்வாளர்கள் அளந்து கூறினர். அசைவே அதற்கு இரையின் அடையாளம். அசையாத பூச்சி அதன் கண்ணுக்கு உணவாகவே படுவதில்லை. தேங்கிய நீரும் அவ்வாறே. இலையில் நிற்கும் பனித்துளியையும் மழைத்துளியையும் நக்கியே அது தாகம் தீர்க்கிறது. நாம் இரக்கம் என்று எண்ணிச் செய்த யாவும் அதற்குப் பட்டினியாக முடிந்தன.

இதைச் சிறுவனிடம் மறைக்காமல் சொன்னோம். அவன் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தான்.

"அப்படியானால் உயிருடன் போடுவதுதான் சரியா, சாமி?" என்று மூதாட்டி விடவில்லை.

சரி என்று ஒரு சொல்லில் முடித்துவிட முடியுமா? வேலியில் வாழும் பச்சோந்தி பூச்சியைப் பிடித்தால் அங்கே பாவமுமில்லை, புண்ணியமுமில்லை. அது படைப்பின் ஒழுங்கு. கூண்டில் அடைத்த அன்றே வேட்டையாடுபவர் மாறிவிடுகிறார். இரையைத் தேர்ந்து, தப்ப வழியில்லாத இடத்தில் விடுவது நம் கை. எனவே பச்சோந்தியின் பசிக்கு மட்டுமன்றிப் பூச்சியின் சாவுக்கும் நாமே பொறுப்பாளிகள். பூச்சிக்கு நோவு ஏது என்று தள்ளிவிடவும் முடியாது. பூச்சிகளுக்கும் உணர்வு இருக்கக்கூடும் என்பதைப் புறக்கணிக்கலாகாது என்று 2024ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் நியூயார்க் நகரில் வெளியான அறிக்கையில் அறிவியலார் பலர் ஒப்பமிட்டுள்ளனர். விலங்குகளைத் தேவையின்றித் துன்புறுத்துவதும் கொல்வதும் மனித மாண்புக்கு முரணானது என்பது 1992ஆம் ஆண்டு வெளிவந்த நம் திருச்சபையின் மறைக்கல்வி நூலின் போதனை. 'தேவையின்றி' என்ற சொல்லில்தான் நம் கேள்விக்கு விடை இருக்கிறது.

ஆகவே சிறுவனுக்குச் சொன்னோம்: "தம்பி, சில பச்சோந்திகள் இடுக்கியில் பிடித்து அசைத்துக் காட்டும் இரையைப் பற்றப் பழகிக்கொள்ளும். உன்னுடையதும் பழகினால், அப்போதே நொடியில் கொன்ற பூச்சியை அவ்வாறு கொடு. பழகாவிட்டால் உயிருள்ளதையே கொடு, பட்டினி போடாதே. ஆனால் தின்னும் அளவுக்கு மட்டும் விடு. எஞ்சிய சுவர்க்கோழிகளை இரவுக்குள் எடுத்துவிடு. அவை பச்சோந்தியையே கடிக்கக்கூடும். ஓடாதிருக்கக் கால்களை முறிக்காதே. தோழர்களைக் கூட்டி வேடிக்கை காட்டாதே."

சற்று நேரம் பேசாதிருந்து, "அதை வெளியே விட்டுவிடட்டுமா?" என்றான். அவன் குரல் தழுதழுத்தது.

"வேண்டாம். ஏமன் நாட்டு இனம் அது. கூண்டிலேயே பொரித்து வளர்க்கப்பட்டது. பாரிசின் குளிரில் மடிந்துவிடும். ஏற்றுக்கொண்டாய், அதன் ஆயுள் உள்ளளவும் நன்றாகக் காப்பாற்று. அதன்பின் இன்னொன்றை வாங்குமுன் நன்றாக யோசி" என்றோம். தலையசைத்தான். மூதாட்டியும் ஏதோ பாரம் இறங்கியவர்போலப் பேரனின் தலையை வருடினார்.

அன்புப் பெற்றோரே, நம் நாட்டில் வாழும் பச்சோந்தி இனம் ஒன்றே ஒன்று. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அதைப் பிடிப்பதையும் வளர்ப்பதையும் தடை செய்கிறது. உங்கள் பிள்ளை அதைக் கையில் ஏந்தி வந்தால் அடிக்காதீர்கள். அவன் ஆசையில் அன்பும் கலந்திருக்கலாம். அவனோடு நடந்து சென்று, எடுத்த வேலியிலேயே அதை விடச் செய்யுங்கள். அது மெல்ல மெல்ல ஆடியாடி இலைகளுக்குள் மறைவதை இருவருமாக நின்று பாருங்கள். பத்து வயதில் நமக்கு அதைச் சொல்லித்தர ஒருவர் இருந்திருந்தால், முருங்கை மரத்தடியில் அந்தக் குழி தோண்ட நேர்ந்திராது.