ஏன் என்னும் வினா

நுழையும்முன்

உழைப்பின் அருமையை நாம் அறிவோம். அந்த உழைப்பின் நடுவே எவ்வளவு வீணாகிறது என்பதைப் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஜப்பானின் தொழிற்கூடங்களில் வளர்ந்து உலகெங்கும் பரவிய ஒரு சிந்தனை, கோயம்புத்தூரின் தொழிற்கூடம் ஒன்றிலும் ஒரு வீட்டின் அடுக்களையிலும் எதைக் கற்றுத்தந்தது என்பதை இக்கட்டுரை கூறுகிறது.

கவனக்குறைவு

கோயம்புத்தூரில் மோட்டார் பம்பு செய்யும் தொழிற்கூடம் ஒன்றில், கடைசல் பிரிவின் மேற்பார்வையாளராக 1995ஆம் ஆண்டு வேலைக்குச் சேர்ந்தேன். எந்திரங்களில் கடைந்து எடுக்கப்படும் எஃகுத் தண்டுகளை அளந்து, சரியானவற்றை அனுப்பிப் பிழையானவற்றை ஒதுக்குவது என் பணிகளுள் ஒன்று. தண்டின் விட்டம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு குறைந்தாலும் அதன்மேல் பொருத்தப்படும் பேரிங் இறுக்கமாக நிற்காது. நாளடைவில் பம்பு இரைச்சலிடத் தொடங்கும். கிணற்றை நம்பிப் பயிர் வைத்தவருக்கு அது எத்தகைய இழப்பு என்பதை உழவர் குடியில் பிறந்த நான் அறிவேன். ஆகவே, கண்டிப்பாக இருந்தேன். கண்டிப்பு மட்டுமே போதும் என்று எண்ணியதுதான் என் பிழை.

அவ்வாண்டுக் கோடையில், ஓர் இளைஞர் கடைந்த தண்டுகள் மட்டும் தொடர்ந்து சிறுத்து வந்தன. அவருக்கு வயது 19. தொழிற்பயிற்சி நிலையத்தில் படிப்பை முடித்து வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. அவருடைய சம்பளத்தை நம்பித் தாயும் தங்கையும் இருந்தனர். ஒரே வாரத்தில் அவருடைய தண்டுகள் 42 ஒதுக்கப்பட்டன. பதிவேட்டில் ‘காரணம்’ என்னும் கட்டத்தில் ‘கவனக்குறைவு’ என்று எழுதிக் கையொப்பமிட்டேன். அச்சொல்லை அவர் பெயருக்கு எதிரே நான் எழுதியது அது மூன்றாம் முறை. மூன்று முறை அவ்வாறு எழுதப்பட்டவரை வேலையிலிருந்து நிறுத்துவது அங்கு வழக்கம். அதை அறிந்தேதான் எழுதினேன்.

ஐந்து வினாக்கள்

மேலாளரின் மேசைக்குப் போகுமுன் அந்தப் பதிவேட்டை மூத்த ஃபோர்மேன் பார்த்தார். முப்பது ஆண்டுகள் கடைசல் எந்திரத்தோடு வாழ்ந்தவர். “தம்பி, நீங்கள் எழுதியிருப்பது காரணம் இல்லை, வசவு. வாருங்கள், அந்தப் பையனிடமே கேட்போம்” என்று என்னை அழைத்துச் சென்றார்.

“தண்டு ஏன் சிறுத்துப்போகிறது?” என்று அவர் அந்த இளைஞரிடம் கேட்டார்.

“நான் அளக்கும்போது சரியாகத்தான் இருக்கிறது ஐயா. சார் மேசைக்குப் போனபிறகுதான் சிறுத்துவிடுகிறது.”

இந்த விடையைக் கேட்டு நான் சிரித்திருப்பேன். ஃபோர்மேன் சிரிக்கவில்லை. எந்திரத்திலிருந்து அப்போதுதான் இறக்கிய தண்டைத் தொட்டுப் பார்த்து, என்னையும் தொடச் சொன்னார். கை வைக்க முடியாத சூடு. 30 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுத் தண்டு 30 பாகை செல்சியஸ் கூடுதலாகச் சூடேறினால், அதன் விட்டம் ஏறத்தாழ மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு விரியும். சூட்டோடு அளக்கும்போது சரியாக இருக்கும் தண்டு, ஆறியதும் அந்த அளவு சுருங்கிவிடும். இளைஞர் சொன்னது முழு உண்மை.

“இவ்வளவு சூடு ஏன்?”

“கூலண்ட் போதுமான அளவு விழவில்லை.”

“ஏன் விழவில்லை?”

“தொட்டியில் குறைந்துவிட்டது.”

“ஏன் நிரப்பவில்லை?”

“தொட்டியின் மூடி எந்திரத்துக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே போக வழியில்லை.”

“ஏன் வழியில்லை?”

இளைஞர் விடை சொல்லவில்லை, என்னைப் பார்த்தார். எந்திரத்துக்கும் சுவருக்கும் இடையில், ஆளுயரத்துக்கு இரும்புப் பெட்டிகள் அடுக்கப்பட்டிருந்தன. எஃகுத் துண்டுகள் வந்துசேரத் தாமதமாகலாம் என்று அஞ்சி, ஒரு மாதத்துக்கு வேண்டியவற்றை முன்கூட்டியே வரவழைத்து அங்கே அடுக்கச் சொன்னவன் நான்.

“இதை ஏன் முன்பே சொல்லவில்லை?” என்று கேட்டேன். “சாக்குச் சொல்கிறேன் என்பீர்கள் என்று நினைத்தேன் சார்” என்றார் அவர். அவர் நினைத்ததில் தவறில்லை.

அன்று மாலையே பெட்டிகளை அகற்றினோம். தொட்டி நிரம்பியது, தண்டுகள் ஆறியபின் அளப்பது என்றும் முடிவாயிற்று. இளைஞரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, பதிவேட்டில் மூன்று இடங்களிலும் ‘கவனக்குறைவு’ என்பதை அடித்தேன். ‘காரணம்: எந்திரத்தின் பின்னே பெட்டிகள் அடுக்கப்பட்டமை. அடுக்கச் சொன்னவர்: மேற்பார்வையாளர்’ என்று இரண்டு வரிகள் எழுதினேன். ஃபோர்மேன் அதையும் படித்தார். “இரண்டாவது வரி வேண்டாம் தம்பி. பையனைத் திட்டினாலும் உங்களைத் திட்டிக்கொண்டாலும் பெட்டி மறுபடியும் அங்கே வந்துவிடும். வராமலிருக்க வழி என்ன என்று எழுதுங்கள்” என்றார்.

தறியிலிருந்து வந்த பாடம்

அடுத்தடுத்து ‘ஏன்’ என்று கேட்கும் அந்த முறையை ஃபோர்மேன் ஒரு பயிற்சி வகுப்பில் கற்றிருந்தார். அதன் வேரைத் தேடிப் படித்த எனக்கு, அது ஒரு தறியிலிருந்து தொடங்கியது என்பது வியப்பளித்தது. ஜப்பானியரான சாகிச்சி டொயோடா 1924இல் உருவாக்கி முடித்த தானியங்கித் தறி, நூல் அறுந்தால் தானே நின்றுவிடும். பிழையான துணி மேலும் வளராது. எந்திரத்தைக் காவல் காத்து நிற்க வேண்டிய வேலையும் மனிதருக்கு இல்லை. பிழை நேர்ந்தால் நிற்பது, காரணத்தைக் களைந்தபின் நகர்வது என்பதே அத்தறியின் இலக்கணம்.

அவருடைய மகன் கீச்சிரோவின் முயற்சியால் 1937இல் டொயோட்டா மோட்டார் நிறுவனம் தோன்றியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், பணமும் பொருளும் தட்டுப்பாடாக இருந்த காலத்தில், அங்குப் பொறியாளராக இருந்த தாயிச்சி ஓனோ அந்தத் தட்டுப்பாட்டிலிருந்தே ஒரு முறையை உருவாக்கினார். அமெரிக்கப் பேரங்காடிகளில், வாங்குவோர் எடுத்த அளவுக்கே அடுக்குகள் மீண்டும் நிரப்பப்படுகின்றன. அதுபோல, அடுத்த நிலையில் இருப்பவருக்கு வேண்டிய அளவையே முந்தைய நிலையில் இருப்பவர் செய்தால் போதும் என்றார்.

பயன் தராத எதையும் ஜப்பானியர் ‘முடா’ என்பர். ஓனோ அதனை ஏழாக வகுத்தார். தேவைக்கு மேல் செய்தல், காத்திருத்தல், வீணாகச் சுமந்து செல்லுதல், வேண்டாத செய்முறை, மிகையான இருப்பு, தேவையற்ற அசைவு, பிழையான பொருளைச் செய்தல் என்பன அவை. இவற்றுள் மிகையான இருப்பு என்னை நேராகச் சுட்டியது. முன்னெச்சரிக்கை என்று நான் எண்ணிய பெட்டிகள், பணத்தை முடக்கியதோடு தொட்டியையும் மறைத்தன. குவியல் பெருகப் பெருக, அதன் பின்னே உள்ள குறை கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.

டொயோட்டா தொழிற்சாலைகளில் வண்டிகள் உருவாகும் வரிசையில் ஒரு கயிறு இருந்தது. குறை காணும் எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம். உடனே குழுத்தலைவர் உதவிக்கு வருவார்; குறை தீரவில்லையெனில் வரிசையே நிற்கும். நான் ‘சாக்கு’ என்று ஒதுக்கியிருக்கக்கூடிய சொல்லுக்கு அங்கே எத்தகைய மதிப்பு என்பதை அக்கயிறு எனக்கு உணர்த்தியது.

இவ்வாறு சிறிது சிறிதாக, நாள்தோறும், அனைவரும் சேர்ந்து செய்யும் மேம்பாட்டைக் ‘கைசென்’ என்பர். ‘நன்மைக்கான மாற்றம்’ என்பது அதன் பொருள். மசாக்கி இமாய் 1986இல் வெளியிட்ட நூல் இச்சொல்லை உலகறியச் செய்தது. ஓனோ வளர்த்த முறைக்கு ‘லீன்’ என்னும் பெயரை 1988இல் எழுதிய கட்டுரையில் வழங்கியவர் ஜான் கிராஃப்சிக். வேண்டாத சதையின்றி உரமேறிய உடலைக் குறிக்கும் சொல் அது. ஆளைக் குறைப்பதும் ஊதியத்தைக் குறைப்பதும் லீன் ஆகா. மனித உழைப்பு வீணாகாமல் காப்பதே லீன் ஆகும்.

தெரியுமா?
தரமேம்பாட்டுக்காக ஜப்பானில் வழங்கப்படும் டெமிங் பரிசு 1951இல் தொடங்கப்பட்டது. அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர் எட்வர்ட்ஸ் டெமிங்கின் பெயரால் அமைந்தது. இந்திய நிறுவனங்களுள் அதனை முதலில் பெற்றது, சென்னை பாடியில் அமைந்த சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு. பெற்ற ஆண்டு 1998.

அடுக்களையில் ஒரு பாடம்

புதிதாகக் கற்றதை எங்கும் செய்து பார்க்கத் துடிக்கும் வயது எனக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலைச் சமையலுக்கு அம்மா எத்தனை அடி நடக்கிறார் என்று எண்ணினேன். அடுப்புக்கும் அலமாரிக்கும் இடையே அவர் நடந்த நடையைத் தாளில் கோடுகளாக வரைந்தேன். அன்று பிற்பகலிலேயே உப்பு, புளி, பருப்பு எல்லாவற்றையும் அடுப்புக்கு மேலிருந்த பலகையில் வரிசையாக அடுக்கிப் பெயரும் ஒட்டினேன்.

மறுநாள் காலையில், “உப்பு எங்கே கண்ணு?” என்ற குரல் கேட்டு எழுந்தேன். அம்மா முக்காலியின்மேல் நின்றுகொண்டிருந்தார். தோள்வலியால் அவரால் கையை முழுவதும் உயர்த்த முடியாது. அது எனக்குத் தெரியும். அடுக்கும்போது நினைவுக்கு வரவில்லை. தொழிற்கூடத்தில் செய்த அதே பிழையை வீட்டிலும் செய்திருந்தேன். வேலையைச் செய்பவரைக் கேட்காமல், வேலையைத் திருத்தியிருந்தேன்.

அன்றுதான் முதன்முறையாக, “உங்களுக்கு எதும்மா சிரமம்?” என்று கேட்டேன். அம்மா அலமாரியைப் பற்றிப் பேசவே இல்லை. வாசற்குழாயிலிருந்து பின்கட்டுக்குக் குடம் சுமப்பதுதான் சிரமம் என்றார். தண்ணீர் வரும் நாளில் பதினெட்டுக் குடம். என் தாளில் அது இல்லை. நான் எழுவதற்கு முன்பே முடிந்துவிடும் வேலை அது. அன்று மாலை 15 மீட்டர் ரப்பர் குழாய் வாங்கி வந்தேன். ஒரு முனையை வாசற்குழாயிலும் மறுமுனையைப் பின்கட்டுத் தொட்டியிலும் வைத்ததோடு குடம் சுமக்கும் வேலை முடிந்தது.

என் தாளில் இன்னொரு வரியும் இருந்தது. மாலையில் அம்மா திண்ணையில் அமர்ந்து, அக்கம்பக்கத்துப் பெண்களோடு பேசியபடியே அவரைக்காய் ஆய்வார். ‘அரை மணி நேரம் வீண்’ என்று அதைக் குறித்திருந்தேன். படித்துக் காட்டியதும் அம்மா சிரித்தார். “அதுதான் கண்ணு எனக்கான நேரம்” என்றார். எது பயன், எது வீண் என்பதைக் கடிகாரம் சொல்லாது. அவ்வேலையால் வாழ்பவர்தாம் சொல்ல முடியும். அந்த வரியை அடித்துவிட்டேன்.

மீண்டும் அதே சொல்

சில ஆண்டுகளுக்கு முன், பன்னிரண்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த என் மகள் கணக்குத் தேர்வின் விடைத்தாளைக் கொண்டுவந்தாள். தெரிந்த கணக்குகளிலேயே 14 மதிப்பெண்கள் போயிருந்தன. “ஏனம்மா?” என்றேன். “கவனக்குறைவு அப்பா” என்றாள். அச்சொல்லைக் கேட்டதும் பழைய பதிவேடு நினைவுக்கு வந்தது.

இருவரும் விடைத்தாளை விரித்து வைத்துக்கொண்டு அமர்ந்தோம். தவறிய இடங்களில் பெரும்பாலானவற்றில் கழித்தல் குறி காணாமல் போயிருந்தது. ஏன்? தாளின் ஓரத்தில் செய்து பார்த்ததை விடையில் எடுத்தெழுதும்போது விடுபட்டிருந்தது. ஏன்? ஓரத்தில் குறியே தெளிவாகத் தெரியவில்லை. ஏன்? விரலகல இடத்தில் எழுத்தை நெருக்கிச் சிறுத்து எழுதியிருந்தாள். தாளை மிச்சப்படுத்த வேண்டும் என்பது அவள் எண்ணம். அடுத்த தேர்விலிருந்து ஓரத்தை அகலமாக மடித்துக்கொண்டாள். ‘இனிக் கவனமாக இருப்பேன்’ என்று எடுக்கும் உறுதி ஒரு வாரம் நிற்கும். அகலமாக மடித்த ஓரம் ஆண்டு முழுவதும் நின்றது.

அவள் ஒரு குறிப்பேடும் தொடங்கினாள். ஒவ்வொரு தேர்வுக்குப் பின்பும், போன மதிப்பெண்ணுக்கு எதிரே காரணத்தையும் செய்யப்போகும் ஒரு சிறு மாற்றத்தையும் எழுதுவாள். ‘கவனக்குறைவு’ என்னும் சொல்லை அதில் எழுதுவதில்லை என்பது எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம்.

மஞ்சள் கோடு

அந்தத் தொழிற்கூடத்தை விட்டு வந்து நெடுநாள் கழித்து, ஒருமுறை அங்குச் செல்ல நேர்ந்தது. மூத்த ஃபோர்மேன் பணி ஓய்வு பெற்றிருந்தார். அவருடைய இடத்தில் அந்த இளைஞர் இருந்தார். தலையில் நரை தெரிந்தது. என்னைக் கண்டதும் எழுந்து வந்து, பழைய எந்திரம் நின்ற மூலைக்கு அழைத்துச் சென்றார். எந்திரம் புதிது. அதன் பின்னே சுவர்வரை தரையில் மஞ்சள் கோடு வரைந்து, ‘நடைவழி, பொருள் வைக்கலாகாது’ என்று எழுதியிருந்தார்கள். பெட்டி மறுபடியும் வராமலிருக்க வழி என்ன என்று ஃபோர்மேன் கேட்டாரல்லவா? மறுநாளே அந்த இளைஞர் சொன்ன விடை அது. வண்ணம் மங்கும்போதெல்லாம் புதிதாகப் பூசிவிடுகிறார்களாம்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கையில், பயிற்சிக்கு வந்திருந்த ஒரு பெண் பிழையான தண்டு ஒன்றைக் கையில் ஏந்தித் தயக்கத்தோடு வந்து நின்றார். அவர் அதை வாங்கி, விரலால் தொட்டு, சூடு இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு அப்பெண்ணுக்கு ஒரு நாற்காலியைக் காட்டிவிட்டுக் கேட்டார்:

“சொல்லும்மா, ஏன்?”