ஓய்வு யாருக்கு?

"ரிடையர் ஆனதும் அமைதியான ஒரு கிராமத்தில் போய் உட்கார்ந்துவிட வேண்டும்" என்று சொல்லாத கணவன்மார் உண்டோ? ஐரோப்பாவில் வசதியுள்ளவர்கள் பிரான்ஸ், இத்தாலி பக்கம் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே வீடு வாங்கிக்கொண்டு போய்விடுவார்களாம். சிங்கப்பூரில் இருபத்திரண்டு வருஷம் உத்தியோகம் பார்த்த என் கணவருக்கும் அதே ஆசை. ஆனால் பிரான்ஸ் எதற்கு? என் மாமியார் பிறந்த தேவாரம் இருக்கிறதே!

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கும் திராட்சைச் சீமைதான். பந்தலில் கொத்துக் கொத்தாகத் தொங்கும் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்த கொடி என்கிறார்கள். பிரான்ஸில் குளிர்காலத்தில் கொடி இலை உதிர்த்துத் தூங்கிவிடும். வருஷத்துக்கு ஒரே அறுவடை. இங்கே மாற்றி மாற்றிக் கவாத்து செய்வதால் ஏதாவது ஒரு பந்தலில் எப்போதும் பழம் இருக்கும்.

கொடிக்கே ஓய்வில்லாத ஊரில் எனக்கு மட்டும் கிடைக்குமா? இவர் ரிடையரானார், என் அடுப்பு ஆகவில்லை. முன்பு பகலெல்லாம் ஆபீசில் இருந்தவர் இப்போது வீட்டில். பதினோரு மணிக்கு ஒரு டீ, நாலு மணிக்கு ஒரு டீ, நடுவில், "இன்னிக்கு என்ன குழம்பு?"

தெருவோ பகலில் வெறிச்சென்று கிடக்கும். "ஆகா, என்ன அமைதி!" என்பார் இவர். அந்த அமைதிக்குக் காரணம் எனக்குப் பிறகுதான் புரிந்தது. விடியுமுன்பே தூக்குச் சட்டியோடு பெண்கள் ஜீப்பில் ஏறி, மலைக்கு மேலே கேரளத்து ஏலத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போய்விடுகிறார்கள். வீட்டில் இருப்பது கிழவிகளும் குழந்தைகளும்தான்.

எதிர்வீட்டுப் பெண்ணின் இரண்டு குழந்தைகளும் பள்ளிக்கூடம் விட்டதும் எங்கள் திண்ணைக்கு வர ஆரம்பித்தன. பாடம் சொல்லிக் கொடுப்பேன், சுண்டல் கொடுப்பேன். அந்தி சாயும் நேரத்தில் திரும்பும் அவள், "என்னக்கா, ரெண்டும் ரொம்பப் படுத்திருச்சா?" என்று கேட்டபடி வந்து உட்காருவாள்.

ஒருநாள் விடியற்காலை நாலு மணி. இவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வியர்வையில் நனைந்துவிட்டார். சோறு கட்டிக்கொண்டிருந்த அவள் என் குரல் கேட்டு ஓடி வந்தாள். "பயப்படாதீங்கக்கா" என்று சொல்லி 108-க்குப் போன் போட்டாள். மாமியாரிடம் குழந்தைகளை ஒப்படைத்துவிட்டு என்னோடு ஆம்புலன்ஸில் ஏறினாள். பெரிய ஆஸ்பத்திரி தேனியையும் தாண்டி, க. விலக்கில். அன்று அவளுக்குக் கூலி போயிற்று. மாரடைப்புதான் என்றார்கள். உரிய நேரத்தில் சிகிச்சை கிடைத்ததால் பிழைத்தார்.

சகோதரிகளே, அமைதியான ஊரென்று வீட்டுக்காரர் ஆசைப்பட்டால் தடுக்க வேண்டாம். வீட்டையும் காற்றையும் பார்ப்பதோடு, நாலு விஷயங்களை விசாரியுங்கள். இரவில் நெஞ்சு வலித்தால் எந்த ஆஸ்பத்திரி, எவ்வளவு நேரம்? பிள்ளைகள் வந்துபோக வண்டி வசதி உண்டா? (போடிக்கு 2010 முடிவில் நின்ற ரயில், 2023 ஜூனில்தான் திரும்பி வந்தது.) உங்களோடு உட்கார்ந்து பேச யார் இருக்கிறார்கள்? சமையலறையில் கணவர் பங்கு என்ன? கடைசிக் கேள்வியை வீடு மாறுவதற்கு முன்பே கேட்டுவிடுவது உத்தமம்.

இளம் தாய்மார்களே, உங்கள் மாமனார் மாமியாரோ, பெற்றோரோ "ஊரோடு போய்விடுகிறோம்" என்றால் அவர்களுக்காக நீங்கள் இதையெல்லாம் விசாரியுங்கள். போன இடத்தில் அக்கம்பக்கத்தோடு முதல் மாதமே பழகச் சொல்லுங்கள். ஆபத்தில் முதலில் வருவது தூரத்துப் பிள்ளை அல்ல, எதிர்வீடுதான்.

டாக்டர் தினமும் நடக்கச் சொன்னதால் இவர் இப்போது அதிகாலையில் எழுந்துவிடுகிறார். காப்பியும் அவரே போடுகிறார். டிகாஷன் கொஞ்சம் தண்ணீராகத்தான் இருக்கும். உட்கார்ந்த இடத்துக்கு வருகிறதே, அது போதும்!