தள்ளுபடியில் ஒரு இட்லி

ராசிபுரம் வெயிலுக்கு வெளியே தலைகாட்ட முடியல. ஸ்டீம் தள்ளுபடியில ரெண்டு கேம் வாங்கினேன். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-ல ராஜேந்திர சோழனா படையெடுத்து மூணு தடவை தோத்தாச்சு, அதை விடுங்க. மனசுல நிக்கிறது 2023-ல வந்த 'வெண்பா'தான். 1980கள்ல கனடா போன தமிழ்க் குடும்பம். சண்டையே கிடையாது, சமையல்தான். ஒன்றரை மணி நேரத்துல முடிஞ்சுடுது. முழு விலை கொடுத்திருந்தா புலம்பியிருப்பேன்!

கிழிஞ்ச சமையல் குறிப்பை வெச்சு இட்லி அவிக்கணும். நான் தட்டு அடுக்கினதைப் பார்த்துட்டு அம்மா, "இட்லிக்கு நேரா இட்லி வெச்சா ஆவி எப்படி மேல வரும் கண்ணு?"ன்னாங்க. மாத்தினேன், வெந்துச்சு. அப்படியே பக்கத்துல உட்கார்ந்துட்டாங்க.

மகன் கவின் வளர்ந்து, அம்மாவோட குறிப்பைப் படிக்கத் திணறுற இடம் வந்துச்சு. டொராண்டோ காலேஜ் விண்ணப்பம் இதே கம்ப்யூட்டர்ல பாதியில நிக்குது. அம்மாவுக்கும் தெரியும். "போறப்ப இட்லித் தட்டு எடுத்துக்குவியா?"ன்னு மட்டும் கேட்டாங்க.