பச்சை முடி

14 கிலோமீட்டர் கிரிவலம் முடிச்சு வந்து லைட்டைப் போட்டா, உப்புத்தண்ணி தொட்டில கல்லு முழுக்கப் பச்சை முடி மாதிரி பாசி.
இழைக்கு இழை குட்டிக் குட்டியா காத்துக் குமிழி.
கோமாளி மீன் ரெண்டும் ஒரு மூலைல ஒதுங்கி நிக்குது. மனசே கேக்கல.

போன வாரம்தான் பழைய பிரஷால தேய்ச்சு எடுத்தேன்.
தேய்ச்சா போகாது. அதுக்குச் சோறு போடுறதை நிறுத்தணும்.
போர் தண்ணில நைட்ரேட் இருந்தா அது சோறு. மிச்சமாகி அழுகுற தீனியும் சோறு.

மன்னார் வளைகுடால, குருசடைத் தீவுப் பவளத்தை மூடினதும் ஒரு பாசிதான், கப்பாஃபைகஸ். வளர்க்கன்னு மனுஷன் கொண்டுவந்தது.

இனிமே ஆர்.ஓ. தண்ணி, பாதித் தீனி, லைட் 8 மணி நேரம்.

திருவண்ணாமலைல உப்புத்தண்ணி தொட்டி வச்சிருக்கவங்க, நீங்க எந்தத் தண்ணி ஊத்துறீங்க? கொஞ்சம் சொல்லுங்களேன்.